தராசுக்கு வைத்த சந்தனம்

துப்பாக்கி ரேஞ்சில் பாதுகாப்பு பார்க்கப் புதிதாக லைனுக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, மஞ்சள் சட்டையையும் காதுமூடியையும் கையில் வாங்கிய அன்றே உங்களிடம் ஒரு கேள்வி வந்து சேரும். "ரைஃபிள் தோட்டாவை வீட்லயே ரீலோட் பண்றது வொர்த்தா?" கேட்பவர் பெரும்பாலும் நம்ம ஆளாக இருப்பார். கையில் போன் இருக்கும், போனில் ஒரு எக்செல் ஷீட் இருக்கும். பதிலை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்பார், ஆகவே பதற வேண்டாம்.

விஷயம் தெரியாமல் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சுட்டு முடித்ததும் துப்பாக்கியிலிருந்து ஒரு பித்தளைக் கூடு வெளியே விழும். அதைக் குப்பையில் போடாமல் எடுத்துப் போய்ச் சுத்தம் செய்து, அடியில் பொறி கொடுக்கும் சின்ன மூடியான பிரைமரைப் புதிதாக மாட்டி, உள்ளே வெடிமருந்தை எடைபோட்டுக் கொட்டி, வாயில் ஒரு குண்டை வைத்து அழுத்தினால் மறுபடியும் தோட்டா. இட்லித் தட்டில் மாவு ஊற்றத் தெரிந்தவனுக்கு இது பெரிய வித்தை இல்லை என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவருக்கு இட்லி ஊற்றவும் தெரியாது என்பதை அவர் மனைவி பக்கத்தில் நின்று சொன்னார்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று இதில் இறங்கியவர் யாரும் மிச்சம் பிடித்து நான் பார்த்ததில்லை. தோட்டா மலிவாகிவிட்டது என்று இரண்டு மடங்கு சுடுவார்கள். அதைச் செய்யும் கருவிகளுக்கு கராஜில் இடம் போதாமல் காரை வெயிலில் நிறுத்துவார்கள். என் துப்பாக்கிக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடிக்கிறேன் என்பார்கள். மனைவிக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் முழிப்பார்கள். இப்படிக் கேலி பேசியே நான் பல வருஷம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்தேன். ஒரு முறை தப்ப முடியவில்லை. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு கான்ட்ராக்டராக உழைத்து, ஒரு செவ்வாய்க்கிழமை பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டெக்சஸில் மகள் இருக்கும் ஆலனுக்குக் குடிவந்தவன். கோயில், வாக்கிங், பேத்தியின் டேகேர் என்று என் மனைவி எனக்கு ஒரு டைம்டேபிள் போட்டு வைத்திருந்தாள். நான் போய் ஊருக்கு வடக்கே இருக்கும் துப்பாக்கி ரேஞ்சில் பாதுகாப்பு பார்க்கிறவனாகச் சேர்ந்தேன். யாராவது கேட்டால் அவள் இன்றைக்கும், "அவர் வெளில ஏதோ சேஃப்டி வேலை பாக்கறார்" என்றுதான் சொல்கிறாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அங்கே எனக்கு சீஃப்பாக இருந்தவள் என் மகளைவிட இளையவள். மாட்டுப் பண்ணையில் வளர்ந்த டெக்சஸ்காரி. அதிகம் பேச மாட்டாள். முதல் நாள் என்னை லைனுக்குப் பின்னால் நிறுத்தி அவள் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "டார்கெட்டைப் பார்க்க அவங்க காசு கொடுத்திருக்காங்க. நீ அவங்க கையைப் பாரு, உனக்கு அதுக்குத்தான் சம்பளம்." நானும் நல்ல ஷாட் விழுந்தால் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்து, பல தடவை அவள் முறைப்பை வாங்கியிருக்கிறேன். நீங்களும் வாங்குவீர்கள்.

பக்கத்து ஊரான காப்பெலிலிருந்து ஒரு தம்பதி எங்கள் ரேஞ்சுக்கு வருவார்கள். குமரேசன் டேட்டாபேஸ் ஆள். வித்யா பல் டாக்டர். புதிதாகப் பார்ப்பவர்கள் குமரேசன்தான் சுடுகிறவர் என்று நினைத்து அவரிடம் பேச்சுக் கொடுப்பார்கள். சுடுவது வித்யா. தோட்டா செய்து கொடுப்பது குமரேசன். "இவர் சமைக்கறார், நான் சாப்பிடறேன்" என்பார் வித்யா. பல்லுக்குள் மணிக்கணக்காக ஆடாமல் வேலை செய்யும் கை அது. துப்பாக்கியை எடுத்தாலும் ஆடாது. குமரேசன் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டெலஸ்கோப்பில் பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

மனிதர் சுத்தக்காரர். மருந்தை எடைபோட பேட்டரித் தராசு சமயத்தில் அலையும் என்று சொல்லி, முள் வைத்த பழைய மாதிரித் தராசு ஒன்று வாங்கினார். ஒரு பக்கம் சின்னத் தட்டு, மறு பக்கம் முள். காலித் தட்டை மாட்டி முள் கோட்டில் நிற்கும்படி முதலில் திருகி வைத்துவிட வேண்டும். பிறகு தண்டில் இருக்கும் எடைக்கல்லை வேண்டிய அளவுக்கு நகர்த்திவிட்டு, முள் கோட்டுக்கு வரும் வரை தட்டில் மருந்து போட வேண்டும். நம்ம ஊர் நகைக்கடையில் பார்த்ததுதான். அந்தத் தராசைப் பற்றி அவர் என்னிடம் பேசிய அளவுக்கு என் மாப்பிள்ளை என் மகளைப் பற்றிப் பேசியதில்லை.

அந்த அக்டோபரில் மாநிலப் போட்டிக்கு அனுப்ப எங்கள் கிளப்பிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் சுற்று நடந்தது. வித்யா அதற்காக வருஷம் முழுக்க வந்து பயிற்சி எடுத்திருந்தார். சனிக்கிழமைகளில் கிளினிக்கை மூடிவிட்டு நேராக ரேஞ்சுக்கு வருவார். அவருக்குத்தான் வாய்ப்பு என்று எல்லோருக்கும் தெரியும். வாய் திறக்காத எங்கள் சீஃப்கூட, "ஷீ ஈஸ் ரெடி" என்று சொன்னாள்.

போட்டியன்று வித்யாவின் லைனுக்கு நான் பொறுப்பு. முதல் தோட்டாக்கள் அச்சடித்த மாதிரி ஒரே இடத்தில் விழுந்தன. பின்னால் குமரேசனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. பிறகு ஷாட் ஒவ்வொன்றாக மேலே ஏறத் தொடங்கியது. வித்யா ஸ்கோப்பைக் கொஞ்சம் திருத்திக்கொண்டார். "காத்து மாறுது, காத்து மாறுது" என்றார் குமரேசன். நான் காற்றைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அதிசயமாகக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு முறை சுட்டதும் துப்பாக்கியின் தாழ்ப்பாளான போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால்தான் காலிக் கூடு வெளியே வரும். வித்யா அதை இரண்டு விரலால் தூக்குகிறவர். அன்று பாதியில் நாலு விரல் வந்தது. அடுத்து உள்ளங்கை வந்தது. அதற்கடுத்த ஷாட்டுக்கு உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் கைப்பிடியை மேலே தட்டினார். முகம் மட்டும் மாறவில்லை. அடுத்த தோட்டாவை எடுத்து உள்ளே தள்ளினார்.

"ஷூட்டர், ஸ்டாப்" என்றேன். அவருக்குக் காதில் ஏறவில்லை. குனிந்து, "வித்யா, கையை எடும்மா" என்றேன். அவர் கையை எடுத்துவிட்டார். உள்ளே போன தோட்டாவை நானே வெளியே எடுத்து, துப்பாக்கியைத் திறந்து வைத்தேன்.

குமரேசன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "என்ன அங்கிள், கிளாக் ஓடுது."

"ஓடட்டும் தம்பி."

"எதுக்கு நிறுத்தினீங்க? ரீசன் சொல்லுங்க."

"தெரியலையே."

"தெரியாம எப்படி நிறுத்துவீங்க? நான் ஆபீஸ்ல இப்படி ஒரு டிக்கெட் போட்டா என் மூஞ்சிலயே திருப்பி அடிப்பாங்க."

நியாயமான பேச்சுதான். பொதுவாக போல்ட் இறுகினால் உள்ளே அழுத்தம் கூடுகிறது என்று அர்த்தம். ஆனால் தூசியாலும் இறுகும், காய்ந்து போன எண்ணெயாலும் இறுகும். வெறும் தூசிக்காக ஒரு பெண்ணின் ஒரு வருஷ உழைப்பைக் கெடுத்தேன் என்று ஆகிவிட்டால், பிறகு காப்பெலில் எந்தப் பொட்லக் விருந்துக்கும் நான் தலைகாட்ட முடியாது. அதற்குள் சீஃப் நடந்து வந்துவிட்டாள்.

"ஆர் யூ ஷ்யூர்?" என்றாள்.

"நோ" என்றேன்.

"ஓகே. யுவர் லைன், யுவர் கால்." அவ்வளவுதான், போய்விட்டாள். பிள்ளைகளே, அவளிடம் நான் கற்றதிலேயே பெரியது அதுதான். நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் நிறுத்துவேன் என்று நிற்பவனுக்கு அந்த மஞ்சள் சட்டை எதற்கு? நிச்சயம் தெரியும் நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்திருக்கும்.

விழுந்து கிடந்த கூடுகளைப் பொறுக்கி மேஜையில் வைத்தோம். முதல் கூட்டின் பிரைமர் ஓரம் உருண்டு அழகாக இருந்தது. கடைசிக் கூட்டில் அது தேய்த்து மெழுகிய மாதிரித் தட்டையாகிக் கிடந்தது. பித்தளையின் அடியில் பளபளவென்று ஒரு கீறல். இரண்டும் உள்ளே அழுத்தம் எல்லை மீறியதற்கு அடையாளம். குமரேசன் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கிளாக்கைப் பற்றிப் பேசவில்லை. பெட்டியில் இன்னும் பாதிக்கு மேல் தோட்டாக்கள் இருந்தன. அந்தத் தோட்டாக்களைச் சுடக் கூடாது, வேறு தோட்டா அவர்களிடம் இல்லை. வித்யா துப்பாக்கியைப் பையில் வைத்து ஜிப்பை மூடினார். அந்த இடம் வேறொருவருக்குப் போனது.

சாயங்காலம் சீஃப் என்னைக் கூப்பிட்டாள். "நாளைக்கு அந்த வீட்டுக்குப் போ. காரணம் தெரியலைன்னா அவன் அடுத்த வாரமும் அதையே செய்வான். ரொம்பக் கவனமா செய்வான்." இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் சிரிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கராஜில் கார் நிற்க வேண்டிய இடத்தில் மேஜை போட்டிருந்தது. குமரேசன் தூங்கின மாதிரித் தெரியவில்லை. மருந்து டப்பா, கையேடு, குண்டு எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார். மேஜையில் ஒரே மருந்துதான், மாறிப் போக வழியில்லை. கையேட்டில் சொன்ன எடையைத் தாண்டவில்லை. கடைசியாகத் தராசு. காலித் தட்டை மாட்டிப் பார்த்தோம். முள் கோட்டில் நிற்கவில்லை. தட்டு இருக்க வேண்டியதைவிட லேசாக இருந்தது.

தட்டு லேசானால் என்ன ஆகும்? முள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவர மருந்து கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். தோட்டா ஒவ்வொன்றிலும் அந்தக் கூடுதல் போய் உட்கார்ந்திருக்கிறது.

"இல்ல அங்கிள். ஆரம்பிக்கும்போது சீரோ கரெக்டா இருந்துச்சு. ரெண்டு தடவை செக் பண்ணேன். இவளும்தான் பாத்தா."

"ஆமா, பாத்தேன்" என்றார் வித்யா. அவர் கராஜ் கதவில் சாய்ந்து நின்றிருந்தார்.

சரியாக இருந்த தராசு தன்னால் எப்படிக் கெடும்? மேஜை ஆடவில்லை, திருகு நகரவில்லை. தட்டைக் கழற்றிக் கையில் எடுத்துத் திருப்பினேன். வெளிப்பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். கல்யாண வீட்டில் கார் கண்ணாடிக்கு வைப்பார்களே, அந்தக் கனத்தில் இருந்தது. நன்றாகக் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. குண்டை அழுத்தும் இயந்திரத்துக்கும் மருந்து டப்பாவுக்கும்கூட ஆளுக்கொரு பொட்டு இருந்தது.

"இது எப்ப வச்சது?"

"வியாழக்கிழமை. ஆயுத பூஜைக்கு."

"தோட்டா எப்ப போட்டீங்க?"

குமரேசனை முந்திக்கொண்டு வித்யா சொன்னார். "அன்னிக்கே, கற்பூரம் காட்டின கையோட. இன்னிக்கு எதையும் தொடக் கூடாது, நாளைக்குத்தான் எடுக்கணும்னு சொன்னேன் அங்கிள். சாமி முன்னாடி வச்சதுல ஆறு மாசமா இவர் தொடாத பகவத் கீதையும் இருந்துச்சு, அதை விட்டுட்டு இதை மட்டும் எடுத்துட்டு வந்துட்டார்."

"வெள்ளிக்கிழமை புரொடக்‌ஷன் ரிலீஸ்டி. டைம் இல்ல."

நான் தட்டை மேஜையில் வைத்துவிட்டு, "வீட்ல சந்தனம் இருக்காம்மா? ஒரு கப் காபியும் வேணும்" என்றேன்.

பழைய பொட்டைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் அதே கனத்தில் ஈரச் சந்தனம் வைத்தோம். முள்ளைக் கோட்டில் திருகி நிறுத்தினோம். கராஜ் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், டெக்சஸ் வெயில் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. மூன்று பேரும் ஸ்டூலில் உட்கார்ந்து காபி குடித்தோம். சந்தனத்தின் ஓரம் வெளுக்க ஆரம்பித்தது. காபி ஆறுவதற்குள் முள் கோட்டை விட்டு நகர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்து நகரவில்லை, ஆனால் நகர்ந்திருந்தது.

தண்ணீர்தான் காரணம். சந்தனத்தில் இருந்த ஈரம் காயக் காயத் தட்டு லேசாகிக்கொண்டே போயிருக்கிறது. அந்த இடத்தையெல்லாம் மருந்து வந்து நிரப்பியிருக்கிறது. முதலில் செய்த தோட்டா சரியாக இருந்தது, அடுத்தடுத்தது கூடிக்கொண்டே போனது. சுத்தக்காரரான குமரேசன் செய்த வரிசையிலேயே பெட்டியில் அடுக்கி வைத்தார். வித்யா அந்த வரிசையிலேயே எடுத்துச் சுட்டார். நடுவே ஒருமுறை காலித் தட்டை மாட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மனைவி சொன்னபடி ஒருநாள் பொறுத்திருந்தால் பொட்டு முழுக்கக் காய்ந்திருக்கும், ஒன்றுமே ஆகியிருக்காது. நம் முன்னோர்கள் தோட்டாவை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

குமரேசன் எழுந்து அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். தராசைக் கழற்றி அதில் வைத்தார். "போதும் அங்கிள். எல்லாத்தையும் வித்துடறேன். கடைல விக்கற டப்பாவை வாங்கி சுடட்டும். அவ மூஞ்சிக்குப் பக்கத்துல வெடிச்சிருக்கும். என்னால." குரல் உடைந்துவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வித்யா என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க அங்கிள். இதெல்லாம் வொர்த்தா?"

ரேஞ்ச் கவுண்டரில் ஆயிரம் பேர் கேட்ட அதே கேள்வி. அன்றைக்கு எக்செல் ஷீட்டைக் காட்டிச் சிரிக்க முடியவில்லை. பதில் தெரியாததால் நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"போல்ட் இறுகறது உனக்கு எப்ப தெரிஞ்சதும்மா?"

"நீங்க நிறுத்தறதுக்கு ரொம்ப முன்னாடியே."

"பல்லு புடுங்கும்போது இப்படி இறுகினா தட்டுவியா?"

"மாட்டேன். நிறுத்திட்டு எக்ஸ்ரே எடுப்பேன்."

"அப்ப இதை ஏன் நிறுத்தல?"

"இவர் பண்ணது" என்றார். "இவர் பண்ணதுல தப்பு இருக்காதுன்னு நினைச்சேன்."

குமரேசன் அட்டைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். அந்த வார்த்தை எந்தப் புருஷனுக்கும் காதில் தேனாகப் பாய வேண்டியது. அவருக்கு அது எப்படிப் பாய்ந்தது என்று அவர் முகத்தில் தெரிந்தது. "இனிமே அப்படி நினைக்காத" என்றார்.

அன்று மத்தியானம் முழுக்க மூவரும் உட்கார்ந்து மீதித் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பிரிப்பதற்கு ஒரு சுத்தி இருக்கிறது, தோட்டாவை அதில் மாட்டித் தரையில் தட்டினால் குண்டு கழன்று வரும். பக்கத்து வீட்டு அமெரிக்கர் எட்டிப் பார்த்து, வீட்டுக்கு டைல்ஸ் போடுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றார் வித்யா. அன்றைக்கு அவர் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான். அட்டைப் பெட்டியிலிருந்து தராசை எடுத்து மேஜையில் திரும்ப வைத்ததும் அவர்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தோட்டா போடுவது இருவர் வேலையானது. குமரேசன் எடைபோடுவார், வித்யா எதிரில் உட்கார்ந்து நடுநடுவே காலித் தட்டை மாட்டச் சொல்வார். ஆயுத பூஜைக்குப் பொட்டு உண்டு, மேஜைக் காலுக்கு மட்டும்.

அடுத்த வருஷமும் அதே சுற்று வந்தது. அதே லைன், பின்னால் நான். குமரேசன் ஸ்டூலில் இருந்தார். காற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை. வித்யா பிரமாதமாகச் சுட்டுக்கொண்டிருந்தார். பாதி தாண்டியதும் ஒரு ஷாட்டுக்குப் பிறகு கைப்பிடியைத் தூக்கினார். இரண்டு விரல்தான். ஆனால் ஒரு கணம் நின்றார். பிறகு நான் வாய் திறப்பதற்கு முன்னால் தானே கையை உயர்த்தினார்.

போல்ட்டைத் திறந்து பார்த்தோம். கூட்டைப் பார்த்தோம், பிரைமரைப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. கைப்பிடிப் பள்ளத்தில் கொஞ்சம் மண் புகுந்திருந்தது, அவ்வளவுதான். துடைத்துவிட்டு மறுபடி குறி வைப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கடைசி இரண்டு தோட்டா சுடாமலே கிடந்தது. அந்த வருஷமும் இடம் கிடைக்கவில்லை.

நான் மெதுவாகத் திரும்பிக் குமரேசனைப் பார்த்தேன். போன வருஷம் என்னிடம் கிளாக்கைக் காட்டிச் சண்டைக்கு வந்த மனிதர். வித்யா துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு அவரிடம் வந்தார்.

"ஸாரி. உங்க தோட்டா மேல டவுட் வந்துச்சு, நிறுத்திட்டேன்."

குமரேசன் அவர் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். போன வருஷம் முதல் ஷாட்டுகள் ஒரே இடத்தில் விழுந்தபோது சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு முகத்தில் இருந்தது.

"ரொம்ப சந்தோஷம்" என்றார். "வா, சாப்பிடப் போலாம்."